பாடம் 7: கிணறு, வாய்க்கால், குளம் – தண்ணீர் பற்றிய முடிவுகளை எடுப்பது எப்படி?

ஊர் திரும்பும் குடும்பம் முதலில் பார்ப்பது வீட்டை. அடுத்ததாகப் பார்ப்பது கிணற்றை. கூரை இல்லாவிட்டால் தறப்பாளின் கீழ் சில மாதங்கள் சமாளிக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஒரு நாளும் சமாளிக்க முடியாது.

கரடியனாற்றில் ஒரு வளவில் எமது குழுவினர் கிணறு பார்க்கப் போனபோது, அந்த வீட்டு அம்மா இப்படிக் கேட்டார்: "மகள், இது எங்கட மூத்தப்பா வெட்டின கிணறு. அவரும் குடிச்சார், நாங்களும் குடிச்சுத்தான் வளர்ந்தம். இப்ப மட்டும் ஏன் குடிக்க வேணாம் எண்டு சொல்றீங்க?"

அது நியாயமான கேள்வி. அந்தக் கிணறு முன்பு நல்ல கிணறாக இருந்திருக்கும். ஆனால் பல வருடங்கள் யாரும் அள்ளாமல் கிடந்திருக்கிறது. கைபிடிச்சுவர் இடிந்திருக்கிறது, வெள்ளம் உள்ளே போய் வந்திருக்கிறது, பக்கத்து வளவில் புதிய மலசலகூடம் வந்திருக்கிறது. கிணறு அதே கிணறுதான், சுற்றியிருக்கும் நிலம் மாறிவிட்டது. ஆகவே "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்ற கேள்விக்குப் பழைய நினைவைக் கொண்டு பதில் சொல்ல முடியாது. பயத்தைக் கொண்டும் பதில் சொல்லக் கூடாது. பார்த்து, கேட்டு, எழுதி, பிறகு முடிவெடுக்க வேண்டும்.

இப்பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள்

• உங்கள் வளவுக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் ஓடும் வழியை வரைந்து காட்டுவீர்கள்.
• பத்துக் கேள்விகளைக் கொண்டு உங்கள் கிணற்றுக்குப் புள்ளி போடுவீர்கள்.
• எந்தக் குறையை முதலில் திருத்துவது, எதற்கு யாரிடம் போவது என்று தீர்மானிப்பீர்கள்.

எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். ஒரு கொப்பி, ஒரு பென்சில், அளவு நாடா ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

படுவான்கரையின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகிறது. மகா ஓயாப் பக்கத்து உயர்நிலங்களில் பெய்யும் மழை ஓடைகளாகவும் ஆறுகளாகவும் இறங்கி வருகிறது. அதில் ஒரு பகுதியை உறுகாமம், உன்னிச்சை போன்ற குளங்கள் மறித்து வைத்துக்கொள்கின்றன. அங்கிருந்து வாய்க்கால் வழியே வயல் வட்டைகளுக்குப் போகிறது. வயலில் எஞ்சியது வடிந்து மீண்டும் ஓடைகளில் சேர்ந்து, கடைசியில் மட்டக்களப்பு வாவியை அடைகிறது. இப்படி ஒரே சரிவில் விழும் மழை எல்லாம் வடிந்து ஒன்றுசேரும் நிலப்பரப்பை வடிநிலம் அல்லது நீரேந்துப் பிரதேசம் என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலத்துக்கு மேலே ஓடும் தண்ணீரும் நிலத்துக்குக் கீழே ஊறும் தண்ணீரும் தனித்தனி அல்ல. குளம் நிரம்பி இருக்கும்போது அதன் கீழே உள்ள கிணறுகளில் நீர்மட்டம் உயர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆற்று மணலை ஆழமாக அகழ்ந்து எடுத்தால், கரையோரக் கிணறுகள் கோடையில் முன்னதாகவே வற்றுவதையும் பார்த்திருப்பீர்கள். வயலில் தெளித்ததும், பட்டியில் விழுந்ததும், குழியில் இறங்கியதும் இதே வழியில்தான் பயணம் செய்கின்றன. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியாக மட்டக்களப்பு நகரம் வரை போகிறது. குளத்தின் நீரேந்து பகுதியில் நடப்பது வாவிக்கு அப்பால் எழுவான்கரையில் இருப்பவர் வீட்டிலும் தெரியும்.

செயற்பாடு 1: தண்ணீர் வரைபடம்

வீட்டில் உள்ள பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி நடந்து வாருங்கள். பிறகு ஒரு தாளின் நடுவில் உங்கள் கிணற்றை ஒரு வட்டமாகப் போடுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வளவுக்குள் வருகிறது, எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள். அதன் பின் உங்களுடையவற்றையும் அயலவருடையவற்றையும் சேர்த்து இவற்றைக் குறியுங்கள்: மலசலகூடக் குழிகள், மாட்டுப்பட்டி, ஆட்டுக்கொட்டில், குப்பைக்குழி, பசளையும் கிருமிநாசினியும் வைக்கும் இடம், தெளிகருவி கழுவும் இடம், வாய்க்கால். ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து எத்தனை அடி தூரம் என்று அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.

வரைபடம் சாதாரண வேலையாகத் தோன்றலாம். 1854ஆம் ஆண்டு லண்டன் நகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், இறந்தவர்களின் வீடுகள் எங்கே இருந்தன என்று தேடிப் பார்த்தார், பின்னர் அவற்றை ஒரு வரைபடத்திலும் குறித்துக் காட்டினார். பெரும்பாலான மரணங்கள் பிரோட் வீதியில் இருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. அவருடைய சான்றுகளைக் கேட்ட உள்ளூர் நிருவாகம் பம்பின் கைபிடியைக் கழற்றியது. அந்தக் கிணற்றுக்குச் சில அடி தூரத்திலேயே ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அக்காலத்தில் அந்நோயின் கிருமி எது என்று வைத்தியர்களுக்கே தெளிவாகத் தெரியாது. அப்படியிருந்தும் மரணங்கள் எங்கே நடந்தன என்று பார்த்தது சரியான முடிவை எடுக்க உதவியது.

இன்று பெரிய ஆற்று வடிநிலங்களைத் திட்டமிடும் பொறியியலாளர்கள் கணினி மாதிரிகளைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களம் உருவாக்கிய 'சுவாட்' என்பது அவற்றுள் ஒன்று. மழை எவ்வளவு, நிலம் எவ்வளவு சரிவு, மண் எத்தகையது, எந்த நிலத்தில் என்ன பயிர், எவ்வளவு பசளை என்ற விபரங்களைக் கொடுத்தால், ஆற்றின் எந்தப் பகுதியில் எந்த மாதத்தில் எவ்வளவு மாசு வரக்கூடும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். உங்கள் கொப்பியில் இருக்கும் வரைபடமும் கேட்பது அதே கேள்விகளைத்தான். உங்கள் வயலின் சரிவும், வாய்க்காலின் ஓட்டமும், பட்டி அடைக்கும் இடமும் உங்களுக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

2. எந்த மாதத்தில் எந்த ஆபத்து?

ஒரே கிணறு வருடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எமது பிரதேசத்துக்குப் பொருந்தும் பருவ நாட்காட்டி இது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒக்ரோபர் – நவம்பர்: பெரும்போக விதைப்பு. களைநாசினியும் பசளையும் அதிகமாகப் பயன்படும் காலம். முதல் மழை வளவில் கிடந்த அழுக்கை எல்லாம் வாரிக்கொண்டு ஓடும். கிணற்று நீர் நிறம் மாறினால் அன்றைய திகதியைக் குறித்து வையுங்கள்.

நவம்பர் – ஜனவரி: வடகீழ்ப் பருவமழை. கிணற்று நீர் நிலமட்டத்துக்குக் கிட்ட வரும். மலசலகூடக் குழிகளிலும் நீர் ஏறும். இரண்டுக்கும் இடையில் மண் வடிகட்டும் தூரம் குறைந்துவிடும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றில் விழிப்பாக இருக்க வேண்டிய மாதங்கள் இவை. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஏற்பட்டது போன்ற வெள்ளம் வந்தால், மூழ்கிய ஒவ்வொரு கிணறும் மாசடைந்தது என்றே கருத வேண்டும்.

பெப்ரவரி – மார்ச்: அறுவடை. நீர்மட்டம் மெல்ல இறங்கும். கிணறு திருத்தவும், குளோரீன் இடவும், பரிசோதனைக்கு நீர் எடுக்கவும் நல்ல காலம்.

ஏப்ரல் – ஓகஸ்ட்: சிறுபோகமும் கோடையும். குளத்து நீர் குறையும். மாடுகள் குளத்திலும் எஞ்சிய மடுக்களிலும் இறங்கும். கிணறு வற்றினால் குடும்பங்கள் ஆற்றுப் படுக்கையில் பூவல் தோண்டி அள்ளத் தொடங்கும். பூவல் நீர் தெளிவாக இருந்தாலும் மேலே மூடியற்றது, கால்நடை வந்து போகும் இடத்தில் இருப்பது. கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

3. பழைய கிணற்றைத் தொட முன்

இந்தப் பகுதியை அவசரமாகப் புரட்டிப் போக வேண்டாம். இது உயிர் பற்றியது.

வெடிபொருள்: நீண்டகாலம் பாவனையில் இல்லாத கிணற்றுக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள பற்றையிலும் வெடிக்காத பொருட்கள் இருக்கக்கூடும். உங்கள் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

காற்று: பழைய கிணற்றின் அடியில் சுவாசிக்க முடியாத காற்று தேங்கி நிற்கலாம். தனியாக ஒருவர் ஒருபோதும் இறங்கக் கூடாது. மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகை சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். கீழே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் பாய்ந்து இறங்குவதால் இரண்டு உயிர்கள் போகின்றன. இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இரண்டு பேர் பிடித்திருக்க வேண்டும்.

அவசரம்: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எமது மாவட்டத்தின் கரையோரக் கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. உதவ வந்த பலரும் நல்ல மனதோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, உப்பைக் குறைத்தது பெரும்பாலும் மழையே என்று கண்டார்கள். கடலோர மணலில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் இருக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலே வந்துவிடும். கரடியனாறு கடலிலிருந்து உள்ளே இருப்பதால் அந்த உப்புப் பிரச்சினை இங்கு நேராக இல்லை. ஆனால் பாடம் இங்கும் பொருந்தும். எதனால் கெட்டது என்று தெரியாமல் செய்யும் திருத்தம் கெடுதலைக் கூட்டலாம்.

4. பத்துக் கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் கிணறுகளைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதற்கு ஒரு கேள்விப் பத்திரத்தைப் பரிந்துரைக்கிறது. அதைத் தழுவி, எமது பிரதேசத்துக்கு ஏற்றபடி கீழே தருகிறோம். "ஆம்" என்றால் 1 புள்ளி. "இல்லை" என்றால் 0.

1. கிணற்றிலிருந்து 30 மீற்றருக்குள், அதாவது ஏறத்தாழ 100 அடிக்குள், மலசலகூடக் குழி உள்ளதா? (அயலவருடையதையும் சேர்க்கவும்.)
2. மலசலகூடம் கிணற்றைவிட மேட்டில் உள்ளதா?
3. 10 மீற்றருக்குள் கால்நடை கட்டும் இடம், குப்பைக்குழி, பசளை அல்லது கிருமிநாசினி வைக்கும் இடம் உள்ளதா?
4. கிணற்றைச் சுற்றி 3 மீற்றருக்குள் தண்ணீர் தேங்குகிறதா?
5. கழிவுநீர் வடிந்தோட வாய்க்கால் இல்லையா, அல்லது உடைந்து கிடக்கிறதா?
6. கைபிடிச்சுவர் இல்லையா, அல்லது மழைவெள்ளம் உள்ளே போகுமளவு தாழ்வாக உள்ளதா?
7. சுற்றியுள்ள சீமெந்துத் தளம் 1 மீற்றரைவிட அகலம் குறைந்ததா, அல்லது வெடித்துள்ளதா?
8. கிணற்றின் உட்சுவரில் மேலிருந்து 3 மீற்றர் வரை வெடிப்போ கசிவோ தெரிகிறதா?
9. வாளியும் கயிறும் நிலத்தில் கிடக்கின்றனவா?
10. மூடியோ வேலியோ இல்லாததால் கால்நடைகள் கிணற்றடிக்கு வரமுடியுமா?

புள்ளி 0 முதல் 2 வரை: ஆபத்துக் குறைவு. 3 முதல் 5 வரை: நடுத்தரம். 6 முதல் 8 வரை: அதிகம். 9, 10: மிக அதிகம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கு 18 மீற்றர் தூரத்தில் மலசலகூடம் இருக்கிறது, ஆனால் பள்ளமான பக்கத்தில். கிணற்றடி மர நிழலில் ஆடுகள் கட்டுகிறார்கள். குளிக்கும் தண்ணீர் அங்கேயே தேங்குகிறது, வாய்க்கால் இல்லை. கைபிடிச்சுவர் நன்றாக உள்ளது. தளம் வெடித்திருக்கிறது. உட்சுவர் பழுதில்லை. வாளி நிலத்தில் கிடக்கிறது. வேலி இல்லை. 1, 3, 4, 5, 7, 9, 10 ஆகிய கேள்விகளுக்கு "ஆம்". மொத்தம் 7. ஆபத்து அதிகம்.

இப்போது அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்? புதுக் கிணறு கேட்டு மனு எழுதுவதற்கு முன் பட்டியலை இன்னொரு முறை பார்க்கட்டும். ஆடுகளை வேறு மரத்துக்கு மாற்றுவதற்குச் செலவில்லை. வாளியைத் தொங்கவிட ஒரு கொழுக்கி போதும். மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வாழைக்குத் திருப்பினால் தேங்குவதும் நிற்கும், வாழையும் காய்க்கும். இந்த மூன்று வேலைகளால் 3, 4, 5, 9 ஆகிய நான்கு புள்ளிகள் போய்விட்டன. மீதி 3. காட்டுக் கம்புகளால் வேலி கட்டினால் மீதி 2. சீமெந்து கிடைக்கும்போது தளத்தைப் பூசினால் மீதி 1. மலசலகூடத்தின் தூரம் மட்டுமே எஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்துக் கேள்விகளுக்கும் ஒரே எடை போட்டிருந்தாலும் எல்லாக் குறையும் ஒரே பாரம் உள்ளவை அல்ல. மணற்பாங்கான நிலத்தில், மாரியில் நீர்மட்டம் உயரும் இடத்தில், 18 மீற்றரில் உள்ள ஒரு குழி மற்ற ஒன்பது குறைகளையும்விடப் பாரதூரமானதாக இருக்கலாம். ஆகவே "எங்களுக்கு 1 புள்ளிதான்" என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அந்த ஒரு புள்ளி எது என்று பாருங்கள். அது மலசலகூடமானால் நீரைப் பரிசோதிக்கும் வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

5. பரிசோதனை என்ன சொல்லும்?

கண்ணுக்குத் தெளிவான நீர் நல்ல நீர் என்று அர்த்தமில்லை. தேற்றாங்கொட்டை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும். இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமான எஸ்.எல்.எஸ். 614இன்படி, 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ.கோலை எனப்படும் குடற் பற்றீரியா ஒன்றேனும் இருக்கக் கூடாது. அது இருந்தால் மலம் எங்கிருந்தோ நீரில் கலக்கிறது என்பது பொருள்.

ஆய்வுகூடம் தூரமாக உள்ள இடங்களில், 1982இல் இந்தியாவில் வெளிவந்த ஒரு எளிய முறை உதவுகிறது. மருந்து தோய்த்த தாள் வைத்த சிறு போத்தலில் கிணற்று நீரை நிரப்பி, வெப்பமான இடத்தில் ஓரிரு நாட்கள் வைப்பார்கள். நீர் கறுத்தால் மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கனவே கூழ்முட்டை மணம் உள்ள நீரில் இந்தப் போத்தல் தவறாகவும் கறுக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். கறுத்தால் பதற வேண்டாம், கறுக்காவிட்டால் கொண்டாடவும் வேண்டாம். அது முதற்சோதனை மட்டுமே.

கேள்விப் புள்ளியையும் பரிசோதனை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முடிவு தெளிவாகும். நான்கு நிலைமைகள் வரலாம்.

அ. புள்ளி குறைவு, பரிசோதனை நல்லது: பாவியுங்கள். மாரி தொடங்கிய பின் மீண்டும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

ஆ. புள்ளி அதிகம், பரிசோதனை நல்லது: இன்று நல்ல நாள், அவ்வளவுதான். நீர் எடுத்த அன்று கோடையாக இருந்திருக்கலாம். குறைகளைத் திருத்துங்கள், மழைக்குப் பின் மீண்டும் பரிசோதியுங்கள்.

இ. புள்ளி அதிகம், பரிசோதனை கெட்டது: காரணம் கண்முன்னே இருக்கிறது. கொதிக்க வையுங்கள், குறைகளைத் திருத்துங்கள், பின்னர் கிணற்றுக்குக் குளோரீன் இடச் செய்யுங்கள். திருத்தாமல் குளோரீன் மட்டும் இட்டால், சில நாட்களில் பழைய நிலைமை திரும்பும்.

ஈ. புள்ளி குறைவு, பரிசோதனை கெட்டது: நாம் எதையோ காணவில்லை. வரைபடத்தை எடுங்கள். மேட்டுப் பக்கத்தில் மூடிய பழைய குழி ஏதும் உண்டா? வாய்க்கால் பெருகும்போது கிணற்றுக்குள் கசிகிறதா? அயலவரிடம் கேளுங்கள். இந்நிலைமையில் சுகாதாரப் பரிசோதகர் நேரில் பார்ப்பது அவசியம்.

6. எந்தக் குறைக்கு எந்தப் பரிகாரம்?

கிருமி: கொதிக்க வைப்பதே வீட்டில் மிக நம்பகமான வழி. நீர் நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்கட்டும். பிறகு அதே பாத்திரத்தில் மூடி ஆற வையுங்கள். விறகு தட்டுப்பாடு என்றால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி முழு வெயிலில் 6 மணித்தியாலம் கிடையாக வைக்கலாம். வானம் மூடியிருந்தால் இரண்டு நாட்கள் வைக்க வேண்டும்.

கிணற்றுக்குக் குளோரீன்: எவ்வளவு தூள் இடுவது என்பது தூளின் வீரியத்தைப் பொறுத்தது. பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். அந்த அளவைச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லட்டும். அவருக்குத் தேவையான கணக்கை நீங்கள் ஆயத்தமாக வைத்திருக்கலாம். கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அடியில் அளந்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 22 என்று பெருக்குங்கள். வருவது ஏறத்தாழ லீற்றர் கணக்கு. விட்டம் 4 அடி, நீர் 6 அடி என்றால் 4 × 4 × 6 × 22 = 2,112 லீற்றர்.

பசளையும் நஞ்சும்: பலர் தவறும் இடம் இதுதான். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும். நைத்திரேற்று, உப்பு, புளோரைட்டு ஆகியவை போகா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அந்த நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகக் காவாது, உடல் நீலம் பாரிக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் பல ஆண்டுகளாக நைத்திரேற்றுப் பிரச்சினை இருந்து வருவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மருத்துவமாது சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கிணறு வயலுக்கு அருகில் இருந்தால், நைத்திரேற்றையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.

7. தனி வீட்டால் எடுக்க முடியாத முடிவுகள்

உங்கள் கிணற்றடியை நீங்கள் திருத்தலாம். மேட்டில் இருப்பவர் மலசலகூடம் எங்கே வெட்டுகிறார் என்பதை நீங்கள் தனியாகத் தீர்மானிக்க முடியாது. பள்ளத்தில் இருப்பவருக்கு நீங்கள்தான் மேட்டில் இருப்பவர். மீள்குடியேறும் காலம் கடினமானது. எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு கட்டுகிறார்கள், எல்லை வேலிகள் புதிதாகப் போடப்படுகின்றன, ஒரு சிறு சொல்லும் சண்டையாகிவிடும். ஆனால் முதலாவது மாரிக்கு முன் பேசி முடிக்காததை, குழி வெட்டிச் சீமெந்து பூசிய பின் பேசுவது இன்னும் கடினம். பத்துக் குடும்பங்கள் தங்கள் வரைபடங்களை ஒரு பாயில் விரித்து ஒன்றாகப் பாருங்கள். மூன்று விடயங்களை முதலில் பேசுங்கள்.

மலசலகூடம்: அவசரகால உதவிக்கான ஸ்பியர் தரநியமங்கள், குழி நீர்நிலையிலிருந்து 30 மீற்றர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து 1.5 மீற்றர் மேலேயும் இருக்க வேண்டும் என்கின்றன. கோடையில் அளந்து வெட்டினால் மாரியில் குழிக்குள் நீர் நிற்கும். ஆகவே மாரியில் நீர் எவ்வளவு உயரும் என்று அவ்விடத்தில் நீண்டகாலம் இருந்த பெரியவரிடம் கேளுங்கள். நீர் உயர்ந்து வரும் இடத்தில் மேடு கட்டி அதன் மேல் மலசலகூடம் அமைக்க வேண்டும். வளவு சிறிதாக இருந்து இரண்டு தூரமும் பொருந்தாவிட்டால், சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிணற்றைக் குடிநீருக்கென்று ஒதுக்கி, அதைச் சுற்றி யாரும் குழி வெட்டுவதில்லை என்று உடன்படலாம்.

தெளிகருவி: கிருமிநாசினி தெளித்த பின் கருவியை வாய்க்காலில் அலசுவது பழகிப்போன வழக்கம். வாய்க்காலின் கீழ்ப்புறத்தில் பிள்ளைகள் குளிக்கிறார்கள் என்பது அலசுபவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு இடம் இல்லை என்பதால்தான் அங்கே அலசுகிறார். ஆகவே இடம் ஒன்றைக் காட்டுங்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமான வயலின் ஓர் ஓரத்தில் கழுவி, அந்த நீரை தெளித்த வயலுக்குள்ளேயே விடட்டும். வெற்றுப் போத்தல்களை வீட்டுப் பாவனைக்கு எடுக்கவே கூடாது. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்து, வட்டவிதானை மூலம் எல்லாருக்கும் தெரிவிக்கலாம்.

கால்நடை: மாடு எமது மக்களின் சேமிப்பு. அதைக் குளத்துக்குப் போகாதே என்று மறிக்க முடியாது. மாடு இறங்கும் துறையையும் மனிதர் அள்ளும் துறையையும் பிரிக்கலாம். நீரோட்டத்தின் மேற்புறத்தில் மனிதர், கீழ்ப்புறத்தில் மாடு.

உடன்பாடு எதுவானாலும் கொப்பியில் திகதியுடன் எழுதி, வந்திருந்த எல்லாரும் கையொப்பம் இடுங்கள். பின்னர் புதிதாக ஒரு குடும்பம் திரும்பி வரும்போது, அவர்களிடம் சண்டையாகச் சொல்லாமல் எழுத்தைக் காட்டிச் சொல்லலாம்.

8. யாரிடம் போவது?

கிணற்று நீர் பரிசோதனை, குளோரீன் இடல், வயிற்றோட்டம் பரவுதல்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.
இரசாயனப் பரிசோதனை, குழாய்நீர் இணைப்பு: தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை.
வவுசரில் குடிநீர், குப்பை அகற்றல்: பிரதேச சபை.
வாய்க்கால், குளம்: வட்டவிதானை, நீர்ப்பாசனத் திணைக்களம்.
பசளை, கிருமிநாசினி அளவு: விவசாயப் போதனாசிரியர், கமநல சேவை நிலையம்.
மலசலகூட உதவி, காணி, மிதிவெடி பற்றிய தகவல்: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம்.

போகும்போது வரைபடத்தையும் புள்ளித் தாளையும் கையோடு கொண்டு போங்கள். "எங்கட கிணறு சரியில்லை, ஐயா" என்று சொல்வதைவிட, "இந்தக் கிணற்றுக்கு 7 புள்ளி, நாங்கள் 5 குறைகளைத் திருத்திவிட்டோம், மலசலகூடத்தின் தூரமும் தளமும்தான் மிச்சம்" என்று சொன்னால், அலுவலருக்கும் என்ன செய்வதென்று உடனே விளங்கும்.

அந்த அம்மாவின் கிணற்றுக்கும் இப்படித்தான் அவரையே புள்ளி போடச் சொன்னோம். கேள்விகளை அவருடைய பேத்தி வாசித்தாள். ஒன்பதாவது கேள்வி வந்ததும் அவர் எழுந்து போய், நிலத்தில் கிடந்த வாளியை எடுத்துக் கைபிடிச்சுவர்மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ம், அடுத்ததை வாசி" என்றார்.

நினைவில் வைத்திருங்கள்

• தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் அல்ல.
• பழைய கிணற்றில் தனியாக இறங்க வேண்டாம். இயந்திரத்தை உள்ளே இறக்க வேண்டாம்.
• வெள்ளம் புகுந்த கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.
• கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து. பசளைக்கும் நஞ்சுக்கும் அது மருந்தல்ல.
• வருடத்தில் இரண்டு முறை, மாரிக்கு முன்னும் பின்னும், பத்துக் கேள்விகளுக்கும் மீண்டும் பதில் எழுதுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிணற்றின் மேட்டுப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பள்ளப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவர்களுடன் தண்ணீர் பற்றிக் கடைசியாக எப்போது பேசினீர்கள்?
2. உங்கள் புள்ளிகளில் செலவில்லாமல் இந்த வாரமே குறைக்கக்கூடியவை எவை?
3. கோடையில் உங்கள் கிணறு வற்றினால் எங்கே அள்ளுவீர்கள்? அந்த இடத்துக்கும் இதே பத்துக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.